இடரும் பாடும்: பழவேற்காட்டு மீனவரும் சிறு வழக்கறிஞர் அலுவலகமும்

வணிகவியல் மாணவர்கள் ‘இடர்’ என்னும் சொல்லை முதலாண்டிலேயே சந்திக்கின்றனர். எதிர்பாராத இழப்பு நேரக்கூடிய நிலையே இடர் என்றும், அதனைத் தவிர்க்கலாம், குறைக்கலாம், பிறர்மீது மாற்றலாம், பலரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றும் பாடநூல்கள் கூறும். கப்பல், சரக்கு, தீ, ஆயுள் என்று எடுத்துக்காட்டுகளும் தரப்படும். ஆனால் ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், ஒரு குமாஸ்தா, சுவரோரமெல்லாம் வழக்குக் கட்டுகள் என்றிருக்கும் சிறு வழக்கறிஞர் அலுவலகத்தில் இடர் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவை அரிதாகவே பேசுகின்றன. அத்தகைய அலுவலகத்தின் இடரையும் நலத்தையும், பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்களிலிருந்து வரக்கூடிய வழக்குகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பட்டம் பெற்றபின் சட்டம் பயில விரும்பும் மாணவர் நம்மிடையே உண்டு. அவருள் பலர் சென்னை உயர் நீதிமன்றத்திற்கல்ல, ஏதேனும் ஒரு வட்டத் தலைநகரின் முன்சீப் கோர்ட்டுக்கே சென்று சேர்வர். ஆதலின் இப்பொருள் நமக்கு அயலானதன்று.

ஏரியும் பாடும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் கிடக்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து போகும். அது மணலால் தூர்ந்துபோகும் காலத்தில் மீன்வரத்தும் குறையும்.

இறால் பிடிக்கும் சுத்துவலையை ஏரியில் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. நீரோட்டம் வாய்த்த இடங்கள் சிலவே, வலைகளோ பல. முந்தியவனுக்கே இடம் என்றால் நாள்தோறும் சண்டைதான். எனவே கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார், எவர் எந்த நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொண்டனர். ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவருக்கே முறையில் இடமுண்டு. இதற்குப் ‘பாடு’ என்று பெயர். செபாஸ்டியன் மேத்யூ என்பார் இம்முறையை ஆராய்ந்து எழுதியதனை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் வெளியிட்டது.

பாடு என்னும் சொல்லின் வளம் வியக்கத்தக்கது. வலை கட்டும் முறையும் பாடு, உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. கிடைக்கும் மீனை மீன்பாடு என்கிறோம், நேரும் தொல்லையை இடர்ப்பாடு என்கிறோம். ஏரிக்கரை மக்கள் இடரைத் தவிர்க்கவோ பிறர்மீது தள்ளவோ வழியற்றவர்கள். பகிர்தல் ஒன்றே அவர்கள் கண்ட வழி. நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு என்பதே அதன் சாரம். ஆயினும் இம்முறையைக் குறையற்றதெனப் போற்றுவது நேர்மையாகாது. பாட்டுக்குள் வராத பிற சமூகத்து மீனவரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் வேலிக்கு வெளியே நிற்கின்றனர். ஏரியின் பூசல்களிற் பல இவ்வேலியருகில்தான் பிறக்கின்றன. ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத பூசல் வழக்கறிஞரின் மேசைக்கு வருகிறது.

நாள் தவறுதல்

வழக்கறிஞருக்குப் பெரிய இடர் வழக்கில் தோற்பது என்று வெளியார் எண்ணுவர். தோல்வி தொழிலின் ஒரு பகுதி; இரு தரப்பில் ஒன்று தோற்றே ஆகவேண்டும். நல்ல வழக்கு நாள் தவறிப் போவதே அலுவலகத்தை வீழ்த்தும் இடராகும்.

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கொடுத்த கடனைக் கேட்க மூன்று ஆண்டு; உரிமையின் அடிப்படையில் நிலத்தை மீட்கப் பன்னிரண்டு ஆண்டு. மாவட்ட நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்ய முப்பது நாள், உயர் நீதிமன்றத்திற்குத் தொண்ணூறு நாள். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர முப்பது நாள். மேல்முறையீடும் மனுவும் தாமதமானால், தக்க காரணம் காட்டி ஐந்தாம் பிரிவின்படி மன்னிப்புக் கேட்கலாம். தாவாவுக்கு அந்த மன்னிப்பும் இல்லை. மூன்றாண்டு முடிந்த மறுநாள் வந்த கடன் தாவா, எத்தனை நியாயமானதாயினும், தள்ளுபடிதான்.

மீனவர் வழக்குகளில் இதைவிடக் குறுகிய கெடுக்கள் உள்ளன. ஏரியோரத்தில் ஒரு பெருந்திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டால், அதை எதிர்த்து முறையிடும் இடம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் அறுபது நாள். அதற்கப்பால் ஒரு நாளையும் மன்னிக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமில்லை. குப்பத்தில் செய்தி பரவி, ஊர் கூடி, பணம் திரட்டி, வக்கீலைத் தேடி வருவதற்குள் முதல் முப்பது நாள் போய்விடும். ‘தாள்களை வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் பார்க்கிறேன்’ என்று அன்று சொல்லும் ஒரு சொல் ஓர் ஊரின் உரிமையை முடித்துவிடக்கூடும்.

நில எடுப்பிலும் அவ்வாறே. அவார்டு எனப்படும் இழப்பீட்டு ஆணை பிறந்தபோது நேரில் இருந்தவர், தொகை போதாதென்று விசாரணைக்கு அனுப்பக் கோரும் மனுவை ஆறு வாரத்திற்குள் கொடுக்க வேண்டும். 1894-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படித்தான் சொல்லிற்று, அதன் இடத்தில் வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படித்தான் சொல்கிறது. தக்க காரணமிருந்தால் மேலும் ஓராண்டுக்குள் ஏற்கலாம் என்பது புதியது. அரசின் மீது தாவா போடுவதற்கு முன் இரண்டு மாத அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு. அவசர வழக்கெனில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அதனை விலக்கலாம். அந்த அனுமதியைக் கேட்க மறந்தால் பிராது திரும்பி வரும்.

கட்சிக்காரர் வந்த முதல் நாளிலேயே கடைசி நாளைக் கணக்கிட்டு, கட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதிவிடுவது நலம். அதே நாள் வக்கீல் டைரியில் ஒருமுறையும் குமாஸ்தாவின் டைரியில் ஒருமுறையும் ஏறவேண்டும். ஒரே டைரியை நம்பும் அலுவலகம் ஒரே கயிற்றில் கட்டிய படகுக்கு ஒப்பானது. கணினியும் கைப்பேசியும் வந்துவிட்டன என்பது உண்மையே. அவற்றிலும் நாளை ஏற்றுவது மனிதன்தான். தவறாக ஏற்றினால் அவை தவறான நாளில் தவறாமல் மணியடிக்கும்.

வழக்கறிஞரின் தவற்றுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தாமத மனுக்களைத் தாராள நோக்கில் காணவேண்டும் என்று காட்டிஜி வழக்கில் 1987-இல் கூறியது. இவை ஆறுதல் தருவன. ஆயினும், மன்னிப்பை நம்பி நாளைத் தவறவிடுபவர் முகத்துவாரம் தானே திறக்கும் என்று கரையில் காத்திருப்பவரைப் போன்றவர்.

சிலிகா தரும் பாடம்

இரண்டாவது இடர் தாளைப் பற்றியது. ஏரி உரிமைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லில் வாழ்பவை. வாய்ச்சொல் நீதிமன்றத்தில் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்ட, பழவேற்காட்டின் மூத்த உடன்பிறப்பாகிய சிலிகாவிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. ஆனந்த பெஹரா எதிர் ஒரிசா மாநிலம் என்பது அதன் பெயர். 1955-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மனுதாரர்கள் சிலிகா ஏரியில் மீன்பிடித்து விற்பவர்கள். ஏரியின் குறிப்பிட்ட பகுதிகளில் வரும் பருவங்களில் மீன் பிடிப்பதற்கு அப்போதைய எஸ்டேட் உடைமையாளருக்குப் பெருந்தொகை செலுத்தி ரசீதும் பெற்றிருந்தனர். அவ்வட்டாரத்து வழக்கப்படி அதுவே போதுமானதாக இருந்தது. பின்னர் 1951-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி அந்த எஸ்டேட் அரசின் வசமாயிற்று. அரசு பழைய ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள மறுத்தது. மீன் அசையும் பொருள்தானே, நாங்கள் வாங்கியது வருங்கால மீனைத்தானே என்பது மனுதாரர் வாதம். பிறர் நீரில் இறங்கி மீன்பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை நிலத்திலிருந்து விளையும் பயன். ஆதலின் அது அசையாச் சொத்து. நூறு ரூபாய்க்கு மேற்பட்டால் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். பதிவுப் பத்திரம் இல்லை, மனு தள்ளுபடியாயிற்று. ரசீதுகள் கையிலேயே இருந்தன, ஏரியும் அங்கேயே இருந்தது, உரிமை மட்டும் இல்லாமற் போயிற்று.

பாடு முறை குத்தகையன்று, வழக்காறு. ஆதலின் இத்தீர்ப்பை அப்படியே அதன்மேல் பொருத்துவது கூடாது. வழக்காற்றை மெய்ப்பிக்கச் சட்டம் வேறு வழி வைத்துள்ளது. ஓர் உரிமையோ வழக்கமோ கேள்விக்குள்ளாகும்போது, அது கடைப்பிடிக்கப்பட்ட, மறுக்கப்பட்ட நிகழ்ச்சிகளையும், அதை அறிந்திருக்கக் கூடியவர்களின் கருத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 13, 48 ஆகிய பிரிவுகளில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இவ்விதிகளைத் தக்கவைத்துள்ளது. எனவே ஊர்க் கூட்டத்தின் குறிப்பேடு, தலைக்கட்டு வரிக் கணக்கு, பழைய சமரசத்தில் பெரியவர்கள் இட்ட கைநாட்டு ஆகியவையே இவ்வழக்கின் உயிர். கரையோர ஈரத்தில் தாள் நெடுநாள் நிற்காது. மூலத்தை ஊரிடமே திருப்பிக் கொடுத்து, நகலை வைத்துக்கொண்டு, எவை எந்நாளில் பெறப்பட்டன என்று எழுதிக் கையொப்பம் பெறும் வழக்கறிஞர் தம்மையும் காக்கிறார், ஊரையும் காக்கிறார். கட்டணம் வரவில்லை என்பதற்காகக் கட்டைப் பிடித்துவைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்பது ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் முடிவாகிவிட்டது.

கட்சிக்காரர் யார்?

இக்கேள்வி எளிதாகத் தோன்றும். நாட்டார் ஒருவர் பத்துப் பேருடன் வந்து, ‘ஐயா, எங்க ஊர் வழக்கு, நீங்கதான் நடத்தணும்’ என்கிறார். வக்காலத்தில் கையெழுத்திடுபவர் அவர். ஆனால் பாட்டின் பயனோ முறையில் உள்ள எல்லாத் தலைக்கட்டுக்கும் உரியது. அப்படியானால் வழக்கறிஞர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதற் கட்டளை எட்டாம் விதி இதற்கு விடை தருகிறது. ஒரே நலனுடைய பலர் இருக்கையில், நீதிமன்ற அனுமதியுடன் அவருள் ஒருவரோ சிலரோ அனைவருக்காகவும் வழக்காடலாம். ஆனால் எல்லாருக்கும் அறிவிப்புத் தரவேண்டும். இயலாவிடில் பொது விளம்பரம் செய்யவேண்டும். இவ்வாறு நடந்த வழக்கின் தீர்ப்பு அனைவரையும் கட்டும். அனுமதி பெறாது நடந்தால் ஊருக்கென்று வாங்கிய தீர்ப்பு ஒரு மனிதரின் தீர்ப்பாகச் சுருங்கிவிடும். சமரசம் செய்வதற்கும் இருபத்து மூன்றாம் கட்டளையின் 3-பி விதிப்படி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது இது. தலைவர்கள் சிலர் தனியே பேசி முடித்து ஊரை விற்றுவிடாதபடி காக்கும் விதி என்று இதைக் கொள்ளலாம்.

அடுத்து வருவது நெருக்கமான ஊர்களின் சிக்கல். இன்று ஒரு குப்பத்துக்கு ஆலோசனை சொன்னவரிடம், ஆறு மாதம் கழித்துப் பக்கத்துக் குப்பத்தார் அதே இடத்தைப் பற்றியே வருவர். எதிர்த் தரப்புக்கு முன்னரே ஆலோசனை கூறியவர் மறுதரப்பில் தோன்றக்கூடாது என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன. பெரிய அலுவலகங்களில் இதற்கெனப் பட்டியல் பார்ப்பார்கள். சிறு அலுவலகத்தில் பட்டியல் வக்கீலின் நினைவுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர், ஆள், எதிராள் என மூன்று பத்தி போட்டு எழுதிவந்தாலே இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். கட்டணத்தை இழப்பது வருத்தமே. இரு கரையின் நம்பிக்கையையும் இழந்தவருக்கு ஏரிப்பக்கம் தொழில் இல்லை.

பணத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஊர்ப்பணம் சில்லறையாக வரும், பலர் கையால் வரும். கோர்ட்டுக் கட்டணம் எவ்வளவு, வக்கீல் கட்டணம் எவ்வளவு எனப் பிரித்து ரசீது தரவேண்டும். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைப்பதும், கேட்டால் அதன் நகலைத் தருவதும் விதிப்படியான கடமை. வெற்றி பெற்றால் இழப்பீட்டில் பங்கு என்று பேசுவதும், வழக்குச் செலவுக்குக் கட்சிக்காரருக்குக் கடன் கொடுப்பதும் விலக்கப்பட்டவை. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது என்று டி.கே. காந்தி வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுவோருக்கு ஒன்று சொல்லலாம். கவனக்குறைவுக்கு உரிமையியல் நீதிமன்றமும், முறைகேட்டுக்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவும் அப்படியே இருக்கின்றன. கண்டனம், தற்காலிக நீக்கம், பட்டியலிலிருந்தே பெயரடித்தல் என்னும் மூன்றும் அப்பிரிவில் உண்டு.

வக்கீலின் உடம்பு

இதுவரை சொன்ன இடர்கள் அனைத்தும் ஒரே ஆளின் விழிப்பை நம்பியவை. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால்? தாயார் மருத்துவமனையில் கிடந்தால்? பகலெல்லாம் கோர்ட்டு, மாலையில் கட்சிக்காரர், இரவில் பிராது எழுதுதல் என்று ஓடுபவர் உறக்கம் குறைந்து, கோபம் மிகுந்து, ஒருநாள் எந்த வாய்தா எந்தக் கோர்ட்டில் என்று தடுமாறுவார். வழக்கறிஞரின் நலத்தை அவரது சொந்த விவகாரம் என்று ஒதுக்குவது சரியன்று. அவரது களைப்பின் விலையைத் தருபவர் வெளித் திண்ணையில் காத்திருக்கும் மீனவர்.

இவ்விடத்தில்தான் ஏரியிடம் கற்கவேண்டியது உண்டு. பாட்டில் நிற்பவன் தனியனல்லன். முறையில் அவனுக்கு முன்னும் பின்னும் ஆளுண்டு. சிறு வழக்கறிஞரோ நாள்தோறும் தம் பாட்டைத் தாமே கட்டவேண்டியவராய்த் தனித்து நிற்கிறார். ஒரே வளாகத்தில் தொழில் செய்யும் இருவரோ மூவரோ கூடி, கட்சிக்காரரின் சம்மதத்துடன் வக்காலத்தில் சேர்ந்து கையொப்பமிட்டு, இன்னார் வராத நாளில் இன்னார் நிற்பது என்று முறை வைத்துக்கொண்டால் என்ன? கட்டுகள் எவரும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கவேண்டும். இன்றுவரை நடந்தது, அடுத்த வாய்தாவில் செய்யவேண்டியது என இரண்டு வரி முதல் தாளில் இருந்தால் போதும். வாரத்தில் ஒரு மாலை கட்சிக்காரரைப் பார்க்காத மாலையாக வைத்துக்கொள்ளவும் இதனால் இயலும். ஏற்க முடியாத வழக்கை ஏற்க முடியாது என்று முதல் நாளே சொல்லும் துணிவும் நலத்தைச் சேர்ந்ததே. இளம் வக்கீல்களுக்கு இது கடினம்; வருகிற கட்டெல்லாம் வருமானமாகத் தோன்றும் வயது அது.

பொருள் நிலையில், தமிழ்நாடு வழக்கறிஞர்கள் நலநிதிச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. அதன் நிதியில் சேருவதைத் தள்ளிப்போடும் இளைஞர், பிறருக்குக் கெடுவைப் பற்றி அறிவுரை கூறும் தகுதியை ஓரளவு இழக்கிறார் என்றே சொல்வேன்.

மீனவரின் நாள்

கடைசியாக, நாம் எளிதில் மறக்கும் கணக்கு ஒன்று. அலுவலருக்கு ஒரு வாய்தா ஒரு நாள் விடுப்பு. மீனவருக்கோ அது ஒரு நாள் மீன்பாடு. முறை வந்த நாளில் சம்மனும் வந்தால், அடுத்த முறை வரும்வரை அந்த இடம் அவருக்கில்லை. பழவேற்காட்டிலிருந்து பேருந்தில் பொன்னேரிக்கு வந்து, பிற்பகல்வரை நின்று, வழக்கு ஒத்திவைப்பு என்று கேட்டுத் திரும்புபவரின் இழப்பு எந்தத் தீர்ப்பின் செலவுத்தொகையிலும் ஏறுவதில்லை. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது இத்தகையோரின் நாளும் அத்தராசில் இருந்திருக்கும். வக்கீல் செய்யக்கூடியது சிறிது, ஆனால் செய்யக்கூடியது. கட்சிக்காரர் நேரில் தேவைப்படாத வாய்தாக்களை முன்கூட்டியே சொல்லிவிடலாம். சாட்சி சொல்லும் நாளைக் கேட்டு வாங்கும்போது ஊரின் பாட்டு வரிசையைக் கையில் வைத்திருக்கலாம்.

கட்டணமே தர இயலாதவர்க்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் உண்டு. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்களும் பட்டியல் பழங்குடியினரும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். எனவே மீன் விற்கும் பெண்களும் பழங்குடிப் பட்டியலிலுள்ள இருளர்களும், அதாவது பாட்டின் வேலிக்கு வெளியே நிற்பவருள் பலர், இக்கதவின் வழியே நுழையலாம். பெருங்கேட்டால் பாதிக்கப்பட்டோரையும் அப்பிரிவு சேர்த்திருக்கிறது. புயலும் வெள்ளமும் கண்ட கரைக்கு அது பொருந்தும். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லையெனில், அவர் வாயால் சொல்வதைக் கேட்டுப் படிவத்தை நிரப்பிக் கைநாட்டுப் பெற்றுக்கொள்வது சட்டப் பணிகள் குழுவின் கடமை என 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.